மூதூர் மருமகனும் சூட்டு பிரிஜ்ஜும்

அர்ஷாக் மூதூருக்கு மாப்பிள்ளையாக வந்தபோது லொறியில் மூன்று சாமான்கள் வந்தன. ஒரு உடுப்புப் பெட்டி, திருத்துவேலைக்கான ஒரு பை, செத்துப்போன ஒரு பிரிஜ். பெட்டியைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை. பையை மாமா ஸைனுலாப்தீன் இரண்டு கையாலும் வாங்கி அலுமாரிக்கு மேல் வைத்தார். பிரிஜ்ஜைக் கண்டதும்தான் ஒழுங்கைச் சனம் முழுக்க வாயைப் பொத்திக்கொண்டு நின்றது. கதவில் துரு, பக்கமெல்லாம் துளைத்த ஓட்டைகள், பின்னால் வால் போலத் தொங்கும் வயர். மாமி நஜ்முன் நிஸா அதைப் பின்வளவுக் கொட்டிலுக்குள் தள்ளச் சொல்லிவிட்டு, வேலிக்கு அந்தப் பக்கம் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "மருமகன் பிரிஜ் திருத்துறவரல்லோ. ஆரோ பாவப்பட்ட மனிசன் திருத்தக் குடுத்ததாம்."

அந்தப் பாவப்பட்ட மனிசன் அர்ஷாக்தான். அதன் மோட்டரை அவனே கழற்றி எறிந்திருந்தான். குளிர வைப்பதற்கென்றே பிறந்த பெட்டியை அவன் சூடாகப் பழக்கியிருந்தான். அடியில் பழைய குண்டு பல்புகள், பக்கத்தில் செத்த கம்பியூட்டர் ஒன்றின் காற்றாடி, தட்டுகளுக்குப் பதிலாக நுளம்பு வலை இழுத்துக் கட்டிய சட்டங்கள், மேலே ஈரக்காற்று போவதற்கு ஓட்டைகள். கதவைச் சாத்தி மின்சார ஆளியைப் போட்டால் உள்ளே சித்திரை வெயில் அடிக்கும். மழை பெய்தாலென்ன, வாடைக்காற்று வீசினாலென்ன, உள்ளே வைத்தது காய்ந்தே தீரும்.

திருகோணமலை டவுனில், துறைமுகத்துக்குப் போகிற வீதியோரம் ஒரு கடையில் அவன் வேலை பார்த்த காலத்தில் தொடங்கிய பைத்தியம் இது. தக்காளி விலை விழுந்து, கந்தளாய்ப் பக்கத்து லொறிக்காரர் வீதியில் கொட்டி விற்ற ஒரு கிழமையில், விளையாட்டாக ஒரு சாக்கு வாங்கினான். அறைக்குக் கொண்டுவந்து வெட்டிக் காயவைத்தான். காய்ந்து முடிந்ததும் சாக்குத் தக்காளி இரண்டு ஜாம் போத்தலுக்குள் அடங்கிவிட்டது. போத்தலைத் தூக்கித் தூக்கிப் பார்த்தான். அந்தப் பெரிய சாக்கு எங்கே போனது? தனியே இருந்து சிரித்தான். பிறகு கையில் அகப்பட்டதையெல்லாம் காயவைத்தான். முருங்கை இலை, கத்தரிக்காய், பருப்புக்கறி, சோறு, இடியப்பம். காலையில் பிளாஸ்க்குக்குள் ஒரு பிடி போட்டுக் கொதிதண்ணீர் ஊற்றி மூடிக்கொண்டு வேலைக்குப் போவான். மத்தியானம் திறந்தால் ஆவி பறக்கிற சாப்பாடு. கூட வேலை செய்தவர்கள் மூடியைத் திறப்பதற்கு முன்னே சுற்றி நின்று பார்ப்பார்கள்.

ஒரு பிடி அவனுக்குத் தாராளம். குறிஞ்சாக்கேணியில் களப்பில் வலை போடுகிறவரின் எட்டாவது பிள்ளை அவன். சட்டி அவனிடம் வந்து சேரும்போது அகப்பை சுரண்டுகிற சத்தம்தான் மிச்சம் இருக்கும். வயிறும் அந்த அளவுக்கே வளர்ந்து நின்றுவிட்டது. அவன் இதை ஒரு சோகக் கதையாக ஒருநாளும் சொன்னதில்லை. சின்னப் பை, சின்னச் சாமான். அவ்வளவுதான்.

அந்தச் சின்னப் பையோடு அவன் வந்து சேர்ந்த இடம்தான் பிழையாகப் போய்விட்டது.

இந்தப் பக்கத்தில் கல்யாணம் முடிந்தால் பெண் வீட்டை விட்டுப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வந்தவரை உபசரிப்பது மாமியின் கடமை, உரிமை, பெருமை எல்லாம். நாலைந்து பெண்பிள்ளைகள் உள்ள வீட்டில் அந்த உபசாரம் நாலைந்து மருமக்களுக்குப் பங்குபடும். நஜ்முன் நிஸாவுக்கு ரிப்கா ஒரே பிள்ளை. மாமாவுக்கோ சீனி வருத்தம், சோறு ஆகாது. அவருக்குக் குரக்கன் புட்டும் அவித்த இலையும்தான். ஆகவே மாமியின் கைப்பக்குவம் முழுவதும் எத்தனையோ வருஷம் காத்திருந்து, ஒரே அடியாக அர்ஷாக்கின் பீங்கானில் வந்து இறங்கியது.

காலையில் இடியப்பம், அதற்குச் சொதி, அதற்கு மேல் இறைச்சி. பத்து மணிக்கு வாய்க்கு ருசியாக ஏதாவது. மத்தியானம் சோறு, இறால், கணவாய், பொரித்த பாரை, எருமைத் தயிர். பின்னேரம் திரும்ப ஏதாவது. புதுத் தம்பதிக்கு வெட்கமாக இருக்கும் என்று மாமி எல்லாவற்றையும் அறைக்குள் கொண்டுவந்து வைத்து, கதவைச் சாத்தும்போது ஒரு வசனம் சொல்வார்: "வெக்கப்படாம எடுங்க மகன். சட்டி வெறுஞ்சட்டியா வரணும்."

"காணும் மாமி", போதும் என்கிற ஒரு சொல்லைச் சொன்னால் தீர்கிற விஷயம் இது. அந்தச் சொல்லைத்தான் அவனால் சொல்ல ஏலாது. பக்கத்து ஒழுங்கையில் ஒரு மருமகன் கல்யாணமான கிழமையே "காணும்" என்று பீங்கானைத் தள்ளினாராம். அன்று பின்னேர அஸர் தொழுகைக்கு முன்னே, அவருக்குப் பெண் பிடிக்கவில்லை என்று ஊர் முழுக்கக் கதை போய்விட்டதாம். இதை அர்ஷாக்குக்குச் சொன்னவர் மாமிதான். அதுவும் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டே சொன்னார்.

சாப்பிட ஏலாது. வேண்டாம் என்று சொல்ல ஏலாது. கொட்டினால் பாவம். கட்டிலில் குந்தி, நிறைந்த சட்டியைப் பார்த்துக்கொண்டு அவன் யோசித்தான். ரிப்கா சுவரில் சாய்ந்து சிரித்தாள். அந்தக் குடும்பத்தில் முதல் பட்டதாரி அவள். நியமனம் வரும் வரும் என்று காத்திருந்து, அந்தக் காத்திருப்புக் காலம் முழுவதும் உம்மாவின் அகப்பைக்கு முன்னால் இருந்தவள்.

"நான் பட்டது உங்களுக்குத் தெரியுமா?" என்றாள். "இவ்வளவு காலமும் அந்த அகப்பை என்ட பக்கம் திரும்பி இருந்தது. இப்பதான் உங்கட பக்கம் போயிருக்கு. நான் ஒண்டும் செய்யமாட்டன்."

சொன்னாளே தவிர, சட்டியைத் துணிக்குள் மறைத்துக் கொட்டிலுக்குக் கொண்டுபோனவளும் அவள்தான்.

இப்படித்தான் மாமியின் விருந்து பிரிஜ்ஜுக்குள் ஏறத் தொடங்கியது. முதலில் ஒரு சிக்கல் வந்தது. எண்ணெய் காயாது. தேங்காய்ப்பாலும் நெய்யும் ஊறிய கறியைக் காயவைத்தால் சில நாளில் சிக்கு வாடை அடிக்கும். அர்ஷாக் இறைச்சியைச் சுடுதண்ணீரில் அலசி, நார் நாராகப் பிய்த்துத் தட்டில் பரப்பினான். முட்டையும் கருப்பட்டியும் சேர்ந்த வட்டிலப்பம் கடைசிவரை காயவில்லை. வலையோடு ஒட்டித் தோல் மாதிரிக் கிடந்தது. அதை அவனே இருந்து சாப்பிட்டு முடிக்க வேண்டி வந்தது. கடைசியில் ரிப்கா உம்மாவிடம் போய், அவருக்கு எண்ணெய் குறைத்துச் சமைத்தால் விருப்பமாம் என்று சொன்னாள். மருமகன் வாய் திறந்து கேட்ட முதல் விஷயம் அது. மாமிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எண்ணெயைக் குறைத்தார். குறைத்த எண்ணெய்க்கு ஈடாகச் சோற்றையும் கறியையும் கூட்டினார்.

பிரிஜ் ஓய்வில்லாமல் வேலை செய்தது. முறித்துப் பார்த்தால் படக்கென்று முறிய வேண்டும், வளைந்தால் இன்னும் காயவில்லை என்று அர்ஷாக் ரிப்காவுக்குச் சொல்லிக் கொடுத்தான். இறால் காய்ந்த அன்று ஒழுங்கைப் பூனைகள் எல்லாம் கொட்டிலைச் சுற்றிக் குந்தியிருந்தன. மாமி மூக்கைச் சுளித்தார். "பாவம் அந்த மனிசன்ட பிரிஜ், உள்ளுக்க இறாலோட செத்துப்போச்சு போல. இன்னும் சரிவரல்லையா மகன்?" என்று கேட்டார். உள்ளே அடைக்கிற கேஸ் வரவேண்டும் மாமி என்று அர்ஷாக் தரையைப் பார்த்துச் சொன்னான். இது பொய்யா? பிரிஜ் என்று ஒன்று இருந்தால் கேஸ் வரத்தானே வேண்டும் என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டான். சொன்ன நியாயம் அவனுக்கே சிரிப்பாக இருந்தது.

அவன் யோசிக்காத ஒன்று நடந்தது. சட்டிகள் ஒவ்வொரு நேரமும் வெறுஞ்சட்டியாகத் திரும்பி வந்ததில் மாமி தலைகால் தெரியாமல் போனார். மீன்காரனிடம் சொன்னார், தையல்காரியிடம் சொன்னார், கல்யாண வீட்டில் சொன்னார். ஈர்க்கில் மாதிரி ஆள், ஒரு சட்டி சோறு எங்கே போகிறதென்றே தெரியாது என்று மூதூர் முழுக்கச் சொன்னார். கதை பாலங்களைக் கடந்து கிண்ணியாவுக்கும் போனது. அங்கே மாமியின் கூடப்பிறந்த நானாவின் பெண்சாதி பஹ்மியா இருந்தார். குடும்பத்திலேயே நல்ல சாப்பாட்டுக்காரர் என்ற பெயர் அதுவரை பஹ்மியாவின் மருமகன் அப்ராஸுக்குத்தான். பஹ்மியா போன் எடுத்து, வெள்ளிக்கிழமை வருகிறேன், உங்கள் மருமகன் சாப்பிடுகிறதை ஒருக்கால் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார்.

அன்றிலிருந்து அர்ஷாக்குக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. எல்லாருக்கும் முன்னால் சஹனில் சோறு வரும். பலர் சுற்றி இருந்து ஒன்றாகச் சாப்பிடுகிற அந்தப் பெரிய தட்டில் மிச்சத்தை மறைக்கவும் ஏலாது, துணிக்குள் கட்டவும் ஏலாது. ஐந்து வாயோடு அவன் கை நின்றுவிடும். மாமி சொன்னதெல்லாம் பொய்யென்று பஹ்மியா கிண்ணியா முழுக்கச் சொல்லுவார். அதையும் பொறுத்துக்கொள்ளலாம். தன் கைச் சோறு மருமகனுக்கு ஒருநாளும் பிடிக்கவில்லையோ என்று மாமி நினைத்தால் என்ன செய்வது? அப்படி நினைத்து ஒரு ஓரமாகப் போய் நிற்கிற மாமியை அவனால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

வெள்ளிக்கிழமை அர்ஷாக்கும் மாமாவும் ஜும்ஆத் தொழுகைக்குப் போன பிறகு பஹ்மியா வந்து இறங்கினார். அயல்வீட்டுச் சஹன் பெரியது என்று அதை இரவல் வாங்கிவர ரிப்காவை அனுப்பியிருந்தார் மாமி. போன ரிப்காவை அயல்வீட்டுக்காரி நியமனக் கதை கேட்டு நிறுத்தி வைத்துவிட்டாள். மதினி வந்த களைப்புக்குத் தேத்தண்ணீர் கொடுக்க வேண்டும். தேத்தண்ணீரோடு கடிக்க ஏதாவது வேண்டும். மாமி ரிப்காவின் அறைக்குள் போய்த் தேடியபோது, கட்டிலுக்குக் கீழே ஒரு பெரிய பிஸ்கட் டின் இருந்தது.

திறந்து பார்த்தார். அசல் மிக்சர் மாதிரியே இருந்தது. நொறுங்கிய இடியப்பம், பருப்புச் செதில், சிவந்த இறைச்சி நார், சின்னச் சின்ன இறால், பச்சையாக முருங்கை இலை, இடையிடையே கரட். ஒன்றை வாயில் போட்டார். மொறுமொறுவென்று இருந்தது. உப்பு, உறைப்பு, மசாலை எல்லாம் சரியான அளவு. கண்ணை மூடி இன்னும் ஒரு பிடி போட்டார், டின்னைத் தூக்கிக்கொண்டு மதினியிடம் போனார்.

ஜும்ஆ முடிந்து ஆண்கள் வரும்வரைக்கும் இரண்டு பெண்களும் மருமக்களைப் பற்றிக் கதைத்தார்கள். அப்ராஸின் சாப்பாட்டுக்கு ஒரு பிடி, அர்ஷாக்கின் சாப்பாட்டுக்கு ஒரு பிடி, அதற்கு மேல் ஒரு மிடறு சூடான தேத்தண்ணீர். கதை சூடுபிடித்ததில் டின் முடிந்ததும் தெரியவில்லை, கேத்தல் முடிந்ததும் தெரியவில்லை.

சஹன்கள் வந்தன. ஆண்களுக்கு மண்டபத்தில், பெண்களுக்கு உள்ளறையில். இடையில் ஒரு திரை. பஹ்மியா திரை விலகிய பக்கமாகப் பார்த்து, மருமகனின் கை தெரிகிற மாதிரி இருந்துகொண்டார். அர்ஷாக் பிஸ்மி சொல்லி முதல் வாயை எடுத்தான். உள்ளறையில் பஹ்மியாவும் ஒரு வாய் எடுத்தார். அதோடு அவர் கை நின்றுவிட்டது.

"இதென்ன மதினி, ஒண்டும் எடுக்கிறீங்க இல்ல?" என்றார் மாமி. "நல்லா இல்லையா?"

"நல்லாத்தான் இருக்கு. நீங்க மட்டும் என்ன, சோத்தைப் பிசைஞ்சுகொண்டே இருக்கிறீங்க?"

மாமி பிசைந்த சோற்றைப் பார்த்தார். அவர் வயிறு உள்ளுக்குள் மெல்ல மெல்லப் பெரிதாகிக்கொண்டிருந்தது. இடுப்புச் சீலை இறுகியது. மூச்சை ஒருமுறை இழுத்துப் பிடித்து விட்டார். எதிரே பஹ்மியாவும் அதே மாதிரி மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். விருந்தாளியை வற்புறுத்துவது மாமியின் முறை, மறுக்காமல் எடுப்பது விருந்தாளியின் முறை. இரண்டு பேரும் முறை தவறாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, ஒரு பருக்கை கூட எடுக்காமல் இருந்தார்கள். மண்டபத்தைப் பார்க்க இருவருக்கும் தெம்பு இல்லை.

அங்கே அர்ஷாக்கின் கை ஐந்தாவது வாயோடு நின்றிருந்தது. ஆனால் சஹன் குறைந்துகொண்டே போனது. மாமா ஸைனுலாப்தீன் திரையை ஒருமுறை பார்த்தார். மனைவியின் கண் தன் பக்கம் இல்லை என்று கண்டார். எத்தனையோ வருஷம் குரக்கன் புட்டோடு இருந்து, இப்போது மருமகனுக்குப் போகிற வாசனையை மட்டும் பிடித்த மனிசன் அவர். ஒரு சொல் பேசாமல், தலை நிமிராமல், ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குச் சஹனை உழுதுகொண்டு போனார்.

கடைசியில் பஹ்மியாதான் தோற்றார். சாப்பாட்டில் ஒரு குறையும் இல்லை, அந்த மிக்சரில் கை வைத்தது பிழை என்று சொன்னார். எந்தக் கடை என்று கேட்டார். அப்போதுதான், பரிமாறிக்கொண்டு கதவடியில் நின்ற ரிப்கா திரும்பி, மூலையில் கவிழ்ந்து கிடந்த வெறும் டின்னைக் கண்டாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பை அடக்கப் பார்த்தாள். முந்தானையை வாயில் வைத்தாள். கண்ணீர் வந்ததே தவிரச் சிரிப்பு நிற்கவில்லை. கிடைத்த ஒரு மூச்சில், டவுனில் ஒரு கடை என்று ஒரு பொய்யைச் சொல்லி முடித்தாள்.

"டவுனிலயா," என்றார் மாமி. அவர் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "ஆரோ கைராசிக்காரி. உப்பும் உறைப்பும் என்ன அளவு. எனக்கு இப்பிடி ஒருநாளும் வராது."

திரைக்கு இந்தப் பக்கம் இருந்த அர்ஷாக்குக்கு அது கேட்டது. ரிப்கா சொன்ன பொய்யோடு எல்லாம் முடிந்திருக்கும். பெயரும் காப்பாற்றப்பட்டிருக்கும். சஹன் வேறு காலியாக இருந்தது. ஆனால் மாமி தன் கையையே குறைத்துச் சொன்னதை அவனால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. எழுந்து போய்த் திரையோரம் நின்றான்.

"மாமி, அது கடையில வாங்கினது இல்ல. நீங்க சமைச்சது."

ஒருவருக்கும் விளங்கவில்லை. அவன் தொடக்கத்திலிருந்து சொன்னான். கட்டில், துணி, கொட்டில், பிரிஜ். காயவைத்த சாப்பாட்டுக்குத் தண்ணீர் பட்டால் அது பழைய அளவுக்கு வரும் என்பது. அந்த டின்னில் ஒரு பிடி ஒரு ஆளுக்கு ஒரு நேரச் சாப்பாடு என்பது.

பஹ்மியா மெல்லக் கேட்டார். "அதுக்கு மேல நான் எத்தினை தேத்தண்ணி குடிச்சனான் மதினி?"

மாமி ஒரு கையை வயிற்றில் வைத்திருந்தார். மருமகனை நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க வந்த நாளில இருந்து உங்கட வயிறு இப்பிடியா மகன் இருந்தது?"

"ஓம் மாமி. காணும் எண்டு சொல்லப் பயமா இருந்திச்சு."

"பயமா? நான் என்ன பொலிஸா?" என்றார் மாமி. பிறகு இன்னொரு மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, "பொலிஸ் கூட மனிசரை இப்பிடிச் செய்யாது" என்றார்.

முதலில் சிரித்தது பஹ்மியா. சிரித்தால் வயிறு வலித்தது. வலித்ததால் இன்னும் சிரிப்பு வந்தது. சிரிப்பின் நடுவில் திடீரென்று நின்றுவிட்டார். அப்ராஸின் பீங்கானும் ஒவ்வொரு நாளும் துடைத்த மாதிரித்தான் வரும் என்றார். கொஞ்சம் யோசித்தார்.

"அவரு வந்த நாளில இருந்து எங்கட வீட்டுப் பூனை கொழுத்துப்போச்சு மதினி."

அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒருவராலும் ஒரு வசனம் முழுதாகப் பேச முடியவில்லை. மாமி சுவரைப் பிடித்துக்கொண்டு எழும்பி, மண்டபத்தை எட்டிப் பார்த்தார். சஹன் பளபளவென்று இருந்தது. மருமகன் சாப்பிடுகிறவர் இல்லையென்றால் இதை முடித்தது யார் என்று கேட்டார். மாமா தாடியைத் துடைத்தபடி வெளியே பார்த்தார். வாசலில் செருப்பைத் தேடினார். செருப்பு அகப்பட்டதும் போய்விட்டார்.

பின்னேரம் மல்லித்தண்ணீர் குடித்த பிறகு இரண்டு பெண்களுக்கும் சீலை தளர்ந்தது. போவதற்கு முன் பஹ்மியா கொட்டிலைப் பார்க்க வேண்டும் என்றார். அர்ஷாக் ஆளியைப் போட்டான். கதவைத் திறந்ததும் மஞ்சள் வெளிச்சமும் சூடும் முகத்தில் அடித்தன. தட்டுகளில் அந்தக் கிழமைச் சமையல் வரிசையாகக் கிடந்தது. மாமி ஒவ்வொரு தட்டாக இழுத்துப் பார்த்தார். காய்ந்த கத்தரிக்காயைத் தடவினார். ஒரு இறாலை முறித்தார், படக்கென்றது. இவ்வளவு நாளும் கூலி வாங்காமல் தன் சமையலைக் காத்து வைத்திருந்த பெட்டியைத்தான் ஊருக்கு மறைத்தோம் என்பது போல அதன் துருப்பிடித்த கதவைத் துணியால் துடைத்துவிட்டார். பஹ்மியா ஒரு போத்தல் இறைச்சி நாரை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார். எப்படிச் செய்வதென்று அப்ராஸுக்கு மட்டும் சொல்லிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

அடுத்த நாள் மத்தியானம் அறைக்குச் சட்டி வரவில்லை. எல்லாரும் மண்டபத்தில் ஒன்றாக இருந்தார்கள். மாமாவுக்கு முன்னால் குரக்கன் புட்டு, முந்தையதை விடச் சின்ன அளவு. மாமி அர்ஷாக்கின் பீங்கானில் ஒரு அகப்பைச் சோறு போட்டார். இரண்டாவது அகப்பை தானாகவே மேலே எழும்பியது. பாதி வழியில் அதை நிறுத்தி, இடது கையால் வலது கையைப் பிடித்து, திரும்பச் சட்டிக்குள் இறக்கினார். அது அவருக்கு இலேசான வேலையாக இருக்கவில்லை. ரிப்கா சிரிப்பை மறைக்கக் குனிந்துகொண்டாள்.

அர்ஷாக் சாப்பிட்டான். காலையில் ஒரு இடியப்பம்தான் வந்திருந்தது. பத்து மணிக்கு ஒன்றும் வரவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக அவனுக்குப் பசித்தது. பசியில் சாப்பிடும்போதுதான் அந்தப் பாரைப் பொரியலில் மாமி எலுமிச்சை விடுகிறார் என்பதே தெரிந்தது. சொதியில் ஏதோ ஒரு இலை மணத்தது. இத்தனை நாளும் இதையெல்லாம் ருசிக்காமலேயே காயவைத்துக்கொண்டிருந்திருக்கிறோமே என்று நினைத்தான். பீங்கான் முடிந்துவிட்டது. வயிற்றில் இன்னும் கொஞ்சம் இடம் இருந்தது.

பீங்கானை நீட்டினான்.

"மாமி, இன்னும் கொஞ்சம் சோறு."

மாமி உடனே அகப்பையை எடுக்கவில்லை. முதலில் மாமாவைப் பார்த்தார், பிறகு ரிப்காவைப் பார்த்தார்.

"கேட்டீங்கதானே ரெண்டு பேரும்," என்றார். "நான் போடல்ல. அவராத்தான் கேட்டது."